குட்டித் திருச்சபையின் வாசல்

கத்தோலிக்கத் திருமணத் திருப்பலிகளில் தவறாமல் காதில் விழும் தொடர் ஒன்று உண்டு: குடும்பம் ஒரு குட்டித் திருச்சபை. மறையுரையில் குருவானவர் சொல்வார்; வரவேற்பு மேடையில் வாழ்த்த வரும் பங்குப் பேரவைப் பெரியவரும் சொல்வார். கேட்பவர்கள் தலையசைப்பார்கள். அந்தக் குட்டித் திருச்சபை அன்றாடம் செய்ய வேண்டியது என்ன என்று கேட்டுப் பாருங்கள். இரவில் செபமாலை, ஞாயிறு பூசை, பிள்ளைகளுக்கு மறைக்கல்வி, வீடு மந்திரித்தல், முன்னறையில் திரு இருதய ஆண்டவர் படம், முடிந்தால் ஆண்டுக்கு ஒருமுறை வேளாங்கண்ணி என்று ஒரு பட்டியல் வரும். பட்டியலில் இருக்கும் எதுவும் குறை சொல்லத் தக்கதில்லை. ஆனால் அத்தனையும் வீட்டுக்கும் கோயிலுக்கும் இடையிலேயே முடிந்துவிடுகின்றன. தெருவும் அண்டை வீடும் வேலை செய்யும் இடமும் அதில் வருவதில்லை. ஒரு குடும்பத்தின் விசுவாசத்தை அதன் செபங்களின் எண்ணிக்கையைவிட, அதன் வாசல் யாருக்குத் திறக்கிறது, யாருக்கு மூடிக்கொள்கிறது என்பதே சரியாகக் காட்டும் என்பது என் கருத்து. இதைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. அந்தத் தொடரின் வரலாற்றிலேயே இது கிடக்கிறது.

கோயில் கட்டடம் என்று ஒன்று வருவதற்கு முன்பே வீடுதான் திருச்சபையாக இருந்தது. பவுலின் கடிதங்களில் வரும் பிரிஸ்காவும் அக்கிலாவும் கூடாரம் செய்து பிழைத்த தம்பதியர். அவர்கள் வீட்டில் கூடிய சபைக்கு உரோமையருக்கு எழுதிய கடிதத்தில் அவர் வாழ்த்துச் சொல்கிறார். ஊர் விட்டு ஊர் பெயர்ந்த அந்த இருவரும் போன இடமெல்லாம் வீட்டைத் திறந்து வைத்தார்கள். பவுலுக்கே கொரிந்தில் தங்க இடமும் செய்ய வேலையும் அவர்களிடம்தான் கிடைத்தன. நான்காம் நூற்றாண்டின் இறுதியில் அந்தியோக்கியாவிலும் பிறகு கான்ஸ்டாண்டிநோபிளிலும் மறையுரை ஆற்றிய யோவான் கிறிசோஸ்தோம், வீட்டைத் திருச்சபையாக்குங்கள் என்று மக்களை வற்புறுத்தியவர். இன்றைய மறையுரைகள் அவரை அத்தோடு விட்டுவிடுகின்றன. அதே கிறிசோஸ்தோம், திருத்தூதர் பணிகள் நூலை விளக்கும்போது, ஒவ்வொருவரும் தம் வீட்டில் ஏழைக்கும் வழிப்போக்கருக்கும் ஓர் அறை ஒதுக்கி, அதில் கட்டிலும் மேசையும் விளக்கும் வைக்க வேண்டும் என்கிறார். வருபவர் கிறிஸ்துவே என்பது அவர் சொல்லும் காரணம். ஆலயமாகும் வீட்டில் அந்நியருக்கு ஒரு கட்டில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை, தொடரை உருவாக்கியவர்களிடமே இருந்தது. நாம் தொடரை வாங்கிக்கொண்டு கட்டிலை விட்டுவிட்டோம்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் திருச்சபை பற்றிய தன் ஏட்டில் இந்தச் சொல்லை மீண்டும் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு பொதுநிலையினரின் பணி குறித்து வெளியிட்ட ஏட்டில் குடும்பங்கள் செய்யத்தக்கவற்றைப் பெயர் சொல்லியே அடுக்கியது. கைவிடப்பட்ட குழந்தைகளை ஏற்று வளர்த்தல், அந்நியரை உபசரித்தல், பள்ளிக்கூடங்களுக்குத் துணை நிற்றல், வளரிளம் பருவத்தினருக்கு வழிகாட்டுதல், மணமாகப் போகிறவர்களை ஆயத்தப்படுத்துதல், இக்கட்டில் சிக்கிய குடும்பங்களுக்குப் பொருளாலும் ஆறுதலாலும் உதவுதல், முதியோருக்கு வேண்டியதைக் கவனித்தல் என்று போகிறது அந்த வரிசை. குடும்ப செபத்தையும் அந்த ஏடு மறக்கவில்லை. ஆனால் சங்கத்தின் வரிசையில் பாதிக்கு மேல் வீட்டுப் படியைத் தாண்டிப் பிறருக்காக நடப்பவை. நம்முடைய வழக்கமான பட்டியலில் அப்படி ஒன்றுகூட இல்லை. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் இடைவெளி தெரியும்.

இதைச் சொன்னதும் முதல் மறுப்பு வரும்: செபத்தைக் குறைத்துப் பேசுகிறீர்கள், வீட்டு செபம் இல்லையேல் விசுவாசமே இல்லை. இந்த மறுப்புக்கு வரலாற்றில் வலுவான சான்று உண்டு, அதை மழுப்பக்கூடாது. யாழ்ப்பாணத்தை 1658-இல் ஒல்லாந்தர் பிடித்தபின் கத்தோலிக்கக் குருக்கள் விரட்டப்பட்டார்கள்; பூசை தடைசெய்யப்பட்டது; கோயில்கள் கைமாறின. கோவாவிலிருந்து யோசேப்பு வாஸ் அடிகள் 1687-இல் மாறுவேடத்தில் வந்து சேரும்வரை ஏறத்தாழ முப்பது ஆண்டுகள், ஒரு தலைமுறைக் காலம், அங்கே விசுவாசத்தைக் காத்தவை வீடுகள்தாம். குருவில்லாமல், நற்கருணையில்லாமல், மனப்பாடமான தமிழ்ச் செபங்களைக் கொண்டு தாய்மாரும் தகப்பன்மாரும் பிள்ளைகளுக்கு அதைக் கடத்தினார்கள். தமிழ்நாட்டிலும் இயேசு சபை 1773-இல் கலைக்கப்பட்டு, அச்சபையினர் 1838-இல் திரும்பி வரும்வரை, குருவைக் காண்பதே அரிதான ஊர்கள் பல இருந்தன. உபதேசியார்களும் குடும்பங்களுமே அவ்வூர்களைத் தாங்கினார்கள். எனவே வீட்டு செபத்தின் ஆற்றலை யாரும் ஐயுறத் தேவையில்லை. ஆனால் யாழ்ப்பாணக் கதையின் இரண்டாம் பாதியையும் பார்க்க வேண்டும். வாஸ் அடிகள் பிச்சைக்காரராகக் கழுத்தில் செபமாலையை அணிந்துகொண்டு வீடு வீடாகப் போனார் என்றும், அந்த மாலையைக் கண்டு யார் முகம் மாறுகிறது என்று கவனித்தே கத்தோலிக்கரை அடையாளம் கண்டார் என்றும் அவருடைய வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. பிடிபட்டால் தண்டனை என்று தெரிந்தும் அந்த வீடுகள் அவரை உள்ளே அழைத்து ஒளித்து வைத்தன. மூடிய கதவுக்குப் பின்னால் முப்பது ஆண்டு சொன்ன செபத்துக்கு அன்று வந்த சோதனை, கதவைத் திறப்பதா இல்லையா என்பதுதான்.

இருபதாம் நூற்றாண்டில் குடும்ப செபமாலையை உலகெங்கும் பரப்பியவர் அயர்லாந்தில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய பேட்ரிக் பெய்ட்டன் அடிகள். 1942-இல் அவர் தொடங்கிய இயக்கத்தின் முழக்கம், சேர்ந்து செபிக்கும் குடும்பம் பிரியாது என்ற கருத்தைக் கொண்டது. அந்தக் காலத்தில் அந்த முழக்கத்துக்கு இருந்த தேவையை மறுக்க முடியாது. அதன் நோக்கெல்லை மட்டும் குறுகியது. குடும்பம் ஒன்றாக இருப்பதே அதில் செபத்தின் பயனாகிவிடுகிறது. நம் வீடுகளில் செபமாலையின் முடிவில் சொல்லப்படும் கருத்துகளைச் சற்றே கவனித்தால் இந்தக் குறுகல் புலப்படும். மகனுக்குத் தேர்வு, மகளுக்கு வரன், மருமகனுக்கு விசா, வீட்டுக்கடன், மூட்டுவலி. இவை கேட்கக் கூடாதவை அல்ல. ஆண்டவர் கற்றுக்கொடுத்த செபத்திலேயே அன்றாட உணவுக்கான மன்றாட்டு இருக்கிறது. ஆனால் அந்த மன்றாட்டு பன்மையில் இருக்கிறது. எனக்கு என்று கேட்கக் கற்றுத்தராத செபம் அது. அந்தப் பன்மை நம் வீட்டில் இருக்கும் நான்கு பேரோடு நின்றுவிடும்போது, செபம் ஒருவகைக் காப்பீட்டுத் தவணையாகச் சுருங்கிப்போகிறது.

தமிழ்க் கத்தோலிக்கருக்கு இந்தக் குறுகலை மீறிச் செல்ல வெளியிலிருந்து சரக்கு கொண்டுவர வேண்டியதில்லை. திருக்குறளின் இல்லறவியல் இருபது அதிகாரங்கள் கொண்டது. இல்வாழ்க்கையில் தொடங்கி, துணைவி, மக்கள், அன்பு, விருந்து என்று விரிந்து, ஒப்புரவு, ஈகை, புகழ் என்று முடிகிறது. வீட்டிலிருந்து ஊருக்குப் போகும் பாதை அது. அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்த வீரமாமுனிவர், தாம் பாடிய காப்பியத்துக்கு யாரைத் தலைவனாக்கினார் என்பதையும் இத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 3,615 பாடல்கள் கொண்ட தேம்பாவணியின் நாயகன் மறைசாட்சியோ துறவியோ மன்னனோ அல்லன். வளன் என்று அவர் தமிழ்ப்பெயர் சூட்டிய சூசையப்பர், தச்சு வேலை செய்து குடும்பம் காத்தவர். துறவியான கவிஞர் ஒருவர் இல்லறத்தானைக் காப்பியத் தலைவனாக்கியது தற்செயலாக இருக்க முடியாது என்றே நினைக்கிறேன். தமிழ் மண்ணில் இல்லறத்துக்கு இருந்த மதிப்பை அவர் கண்டுகொண்டார். எளிய வழக்கங்களிலும் இதே உணர்வு ஓடுகிறது. உலை வைக்கும்போது முதலில் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போடும் பிடியரிசிப் பழக்கம் மதங்களைக் கடந்தது. கிறிஸ்தவக் குடும்பங்களிலும் இருந்தது. தென்மாவட்டக் கோயில்களின் பொது விருந்தான அசனத்தில் ஊரே ஒரே பந்தியில் உட்கார்ந்து உண்கிறது. பிடியரிசியில் எனக்குப் பிடித்தது அதன் ஒழுங்கு: மிஞ்சியதை அது கொடுப்பதில்லை, சமைப்பதற்கு முன்பே எடுத்து வைத்துவிடுகிறது. இன்றைக்கு நாம் செய்யும் தருமம் பெரும்பாலும் பழந்துணியும் விழாக்கால மிச்சமும்தான்.

திருச்சபை தானே குடும்ப வாழ்வுக்கு எப்படிப்பட்ட முன்மாதிரிகளைத் தந்திருக்கிறது என்பதும் ஆராயத் தக்கது. நெடுங்காலம் புனிதராகப் பலிபீடம் ஏறியவர்களில் மிகப் பெரும்பாலோர் குருக்கள், துறவியர், கன்னியர், மறைசாட்சிகள். கணவன் மனைவி இருவரையும் தம்பதியராகவே சேர்த்துப் புனிதராக்கியது 2015-இல்தான்: குழந்தை தெரேசாளின் பெற்றோரான லூயி மார்ட்டினும் செலி மார்ட்டினும். கணவர் கடிகாரம் செய்தவர்; மனைவி சரிகைப் பின்னல் தொழில் நடத்தி ஆட்களுக்கு வேலை கொடுத்தவர். 1858-இல் மணமான இவர்கள் முதல் சில மாதங்கள் உடன்பிறந்தோரைப் போல வாழ்ந்தார்கள். துறவுதான் புனிதம் என்ற எண்ணம் அவ்வளவு ஆழமாக இருந்தது. இல்லறத்தை இல்லறமாகவே வாழுங்கள் என்று ஒரு குரு அறிவுரை சொன்ன பிறகே ஒன்பது பிள்ளைகள் பிறந்தார்கள். அவர்களில் உயிர் பிழைத்த ஐந்து பெண்களும் கன்னியரானார்கள். இங்கே ஓர் ஐயம் எழுவது நியாயம்: குடும்பம் புனிதமானதற்குச் சான்று, அது மடத்துக்கு ஆள் அனுப்பியதுதானா? 2001-இல் அருளாளர்களான இத்தாலியத் தம்பதியர் லூயிஜி, மரியா குவாத்ரோக்கியின் நான்கு பிள்ளைகளில் மூவர் துறவறத்துக்கோ குருத்துவத்துக்கோ போனவர்கள். நான்காமவர் என்ரிக்கெத்தா வீட்டிலேயே இருந்து பெற்றோரைக் கடைசிவரை பராமரித்தார். அவரையும் 2021-இல் திருச்சபை வணக்கத்துக்குரியவராக அறிவித்தது. தாமதமாக வந்தாலும் சரியான திருத்தம். நம் தேவசகாயத்தின் கதையிலும் இதே மறதி உண்டு. 1752-இல் ஆரல்வாய்மொழியில் சுட்டுக் கொல்லப்பட்டு, 2022-இல் புனிதரான அவரைச் சங்கிலியோடும் குண்டுக் காயத்தோடும்தான் நமக்குத் தெரியும். அவர் மணமானவர், பார்கவி என்ற அவருடைய மனைவி ஞானப்பூ என்ற பெயரில் திருமுழுக்குப் பெற்றவர், அத்தனை துன்பத்திலும் பாதியைச் சுமந்தவர் என்பது திருவிழா மறையுரைகளில் ஓரமாகத்தான் வருகிறது.

இரண்டாவது மறுப்பு நேரம் பற்றியது. கணவன் வளைகுடாவில் அல்லது கடலில். மனைவி வீட்டுவேலை முடித்து வேலைக்கும் போகிறாள். பிள்ளைகளுக்குப் பள்ளி முடிந்ததும் டியூஷன். இதில் பிறர்பணிக்கு நேரம் எங்கே? மறுப்பு உண்மையானது, அதனாலேயே, யாருக்கு நேரமில்லை என்று கேட்க வேண்டியிருக்கிறது. குடும்ப செபத்துக்கு எல்லாரையும் கூப்பிட்டு உட்கார வைப்பவர், தவக்காலத்தில் மரக்கறி சமைப்பவர், அக்கம்பக்கக் குடும்பங்கள் கூடும் அன்பியக் கூட்டத்துக்குப் பலகாரம் செய்பவர், படுக்கையில் கிடக்கும் மாமியாரைக் குளிப்பாட்டுபவர் எல்லாம் பெரும்பாலும் ஒருவரே. வின்சென்ட் தே பவுல் சபையில் ஏழைகளின் இல்லங்களைச் சந்திக்கப் போகும் கணவனின் புண்ணியம், அவன் எடுத்துவைக்காத சாப்பாட்டுத் தட்டின் மேல் நிற்கிறதென்றால், அந்தச் சேவையின் விலையை வேறொருவர் கட்டிக்கொண்டிருக்கிறார். இன்னொரு பணியைப் பெண்ணின் தலையில் ஏற்றுவதாக இருந்தால் குட்டித் திருச்சபை என்ற பேச்சையே விட்டுவிடலாம். சேவை வீட்டுக்குள் வேலையைப் பங்கிடுவதிலிருந்து தொடங்குகிறது. சூசையப்பரைப் புதன்கிழமைதோறும் வணங்கும் ஆண்களுக்கு இது விளங்காத செய்தியாக இருக்கக்கூடாது. நேரம் என்ற சிக்கலின் பாதி அங்கேயே அவிழும். மீதிப் பாதிக்குத் தனி நேரமே தேவைப்படுவதில்லை. எதிர்வீட்டு முதியவருக்கு மாத்திரை வாங்கி வருவதும், வீட்டுவேலைக்கு வரும் பெண்ணுக்கு நாம் குடிக்கும் தம்ளரிலேயே காப்பி கொடுப்பதும், அவளுக்கு விடுப்பும் நியாயமான கூலியும் தருவதும் எந்த நாட்குறிப்பிலும் இடம் கேட்பவை அல்ல.

மூன்றாவது மறுப்பு சற்று நாகரிகமானது: சேவை செய்யத்தான் நிறுவனங்கள் இருக்கின்றனவே. பள்ளி, மருத்துவமனை, முதியோர் இல்லம், தொழுநோயாளர் இல்லம் என்று கன்னியரும் துறவியரும் நடத்துவதற்கு நாம் காணிக்கை தருகிறோம். தவக்கால உண்டியலில் பிள்ளைகளும் காசு போடுகிறார்கள். அந்த நிறுவனங்கள் இந்த நாட்டில் செய்திருப்பது சிறிதல்ல. ஆனால் அவற்றின் பெருமையே குடும்பங்களைப் பார்வையாளராக்கிவிட்டது. பாரிஸில் 1833-இல் பிரெடெரிக் ஓசானாமும் சில மாணவர்களும் வின்சென்ட் தே பவுல் சபையைத் தொடங்கியபோது, ஏழையின் வீட்டுக்கு நேரில் போவதை அதன் மையமாக வைத்தார்கள். பிற்காலத்தில் ஓசானாம் பேராசிரியர், கணவர், ஒரு பெண் குழந்தையின் தந்தை, பணியை விட்டாரில்லை. ஏழையின் திண்ணையில் உட்காரும்போது உதவி செய்பவருக்கும் ஏதோ நேர்கிறது என்பதை அவர் அறிந்திருந்தார். காசோலைக்கு அந்த ஆற்றல் கிடையாது. நம் பங்குகளில் அன்பியம் தொடங்கியதன் நோக்கமும் ஏறக்குறைய இதுவே. அருகருகே இருக்கும் குடும்பங்கள் ஒவ்வொரு வீடாகக் கூடி, இறைவார்த்தை படித்து, தங்களுக்குள் இருக்கும் தேவையைக் கண்டு உதவ வேண்டும். பல இடங்களில் அது இன்னொரு செபக்கூட்டமாகவும், திருவிழா வரி வசூலுக்கான வசதியாகவும் சுருங்கிப்போயிருக்கிறது. கூட்டம் எந்த வீடுகளில் நடக்கிறது, எந்த வீட்டில் நடப்பதே இல்லை, எந்த வீட்டுத் தேநீரை யார் வேண்டாம் என்கிறார்கள் என்று ஓர் ஆண்டு குறித்துவைத்தால் அந்தப் பங்கைப் பற்றி நிறையத் தெரிந்துவிடும்.

சேவை என்றாலே மதமாற்றம் என்று பேசப்படும் காலத்தில் சிறுபான்மையினர் ஒதுங்கியிருப்பதே நல்லது என்பாரும் உண்டு. அச்சம் காரணமற்றதல்ல. ஆனால் அது அமைப்புகளையும் பெயர்ப்பலகைகளையும் பற்றியது. வெள்ளம் வந்த இரவில் பக்கத்து வீட்டாருக்கு மாடியைத் திறந்துவிடும் குடும்பத்திடம் யாரும் உள்நோக்கம் தேடுவதில்லை. நிறுவனம் தயங்க வேண்டிய இடத்திலும் குடும்பம் தயங்கத் தேவையில்லை.

வாசலைப் பற்றிப் பேசியபின் சாதியைப் பற்றிப் பேசாமல் போவது நேர்மையாகாது. ஏனென்றால் குடும்பம் திருச்சபையின் மிகச் சிறிய அலகு என்றால், சாதியின் மிகச் சிறிய அலகும் அதுதான். தேவசகாயம் 1745-இல் திருமுழுக்குப் பெற்ற வடக்கன்குளத்திலேயே, பத்தொன்பதாம் நூற்றாண்டில், இரு சாதியினர் ஒருவரையொருவர் பார்க்காமல் பூசை காணும்படி நடுவில் தடுப்போடு ஒரு கோயில் எழுந்தது. அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் தடுப்பை இடித்தபோது, அதைத் திரும்பக் கட்டித்தரக் கேட்டு வழக்கு நீதிமன்றம் வரை போனது. கோயில் சுவர் இடிந்தது. தமிழக ஆயர்கள் சிலர் 2003-இல் உரோமைக்குப் போயிருந்தபோது, கிறிஸ்தவர்களுக்குள் சாதி வேற்றுமை ஒருமைப்பாட்டுக்கே எதிரானது என்று இரண்டாம் யோவான் பவுல் கண்டித்தார். 2016-இல் இந்திய ஆயர் பேரவை தலித் மக்களின் மேம்பாட்டுக்கென ஒரு கொள்கை அறிக்கை வெளியிட்டு, திருச்சபைக்குள்ளும் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது. அதே ஆண்டு திருத்தந்தை பிரான்சிஸ் குடும்பம் பற்றி எழுதிய 'அன்பின் மகிழ்வு' என்ற மடலில், கொரிந்தில் வசதியானவர்கள் உண்ண ஏழைகள் பசியோடு பார்த்திருந்ததைப் பவுல் கண்டித்ததைச் சுட்டி, பிரிவினை பாராட்டுவோர் நற்கருணையைத் தகுதியின்றி உண்கிறார்கள் என்ற பொருளில் எச்சரித்தார். ஆயர்களும் திருத்தந்தையரும் பேசிவிட்டார்கள். பேசாமல் இருப்பது சமையலறையும் வரவேற்பறையும்.

இதற்கு வரும் மறுப்புத்தான் எல்லாவற்றிலும் நயமானது. வேற்றுமை பார்ப்பது பாவம்தான். ஆனால் பிள்ளைக்குப் பெண் பார்ப்பது குடும்பத்தின் சொந்த விஷயம், பழக்கவழக்கம் ஒத்துப்போக வேண்டாமா, நாளைக்கு அந்தப் பிள்ளைகள் கஷ்டப்படக் கூடாதே என்பார்கள். கஷ்டம் உண்மை. பெற்றோரின் கவலையும் பொய்யில்லை. ஆனால் பழக்கவழக்கம் என்ற அந்தச் சொல், வேறு மாநிலத்துக் கத்தோலிக்கரோடோ வெளிநாட்டவரோடோ சம்பந்தம் பேசும்போது பெரிதாகத் தெரிவதில்லை. பக்கத்துத் தெருவென்றால் மட்டும் மலைபோல் நிற்கிறது. அந்தப் பிள்ளைகள் படக்கூடிய கஷ்டத்தைக் கொடுக்கப்போவது யார் என்று கேட்டால், பெரும்பாலும் அதே திருப்பலியில் பக்கத்து வரிசையில் உட்காரும் உறவினர்கள்தாம். பிள்ளைகளின் விசுவாசத்துக்கு முதல் ஆசிரியர்கள் பெற்றோரே என்று திருச்சபைச் சட்டம் சொல்கிறது. ஒரு மணப் பேச்சின்போது அவர்கள் கற்றுத்தருவதை எந்த ஞாயிறு மறைக்கல்வியும் பிறகு திருத்த முடிவதில்லை.

1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு திருமணத்தைச் செல்லாததாக்கும் தடைகளாகப் பன்னிரண்டை வரிசைப்படுத்துகிறது: வயது, முந்தைய மண உறவு, குருத்துவம், இரத்த உறவு என்று அது போகிறது. சாதி அதில் இல்லை. திருமணம் நிச்சயமானதும் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிக்கிறார்கள். இந்த மணத்துக்கு ஏதேனும் தடை இருப்பதாக அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்க வேண்டும் என்று மக்களைக் கேட்டுக்கொள்கிறார்கள். பதின்மூன்றாவது தடையைப் பற்றி யாரும் வந்து தெரிவிப்பதில்லை. தெரிவிக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஓலை எழுதப்படுவதற்கு வெகுநாள் முன்பே, திரு இருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே உட்கார்ந்து சம்பந்தம் பேசிய அந்த மாலையிலேயே, அது தன் வேலையை முடித்திருக்கும்.